பொழுது சாய்வதற்குள்

கீழ்வீட்டில் ஈரல் வதக்குகிறார்கள். மிளகும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் கலந்து படியேறி வருகிறது வாசனை. மற்றவர்களுக்கு அதில் ஞாயிற்றுக்கிழமை தெரியும். எனக்கு மேலூர் தெரிகிறது. மேலூரில் ஒரு சாயங்காலம்.

இரவு முழுக்கத் தூங்கவில்லை. நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படுத்ததும் வருகிற தூக்கம் குடித்தனக்காரன் மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் காலி பண்ணிவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் போன்தான் கதி. எதையாவது வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு பெண் குரல், கொலையையும் கல்யாணத்தையும் ஒரே மாதிரி வாசித்துக்கொண்டு போகும். முற்றுப்புள்ளி வந்தால் மட்டும் மூச்சு வாங்குவதுபோல் நடிக்கும்.

இந்த வித்தையை எனக்குச் சொல்லித் தந்தது அக்கா. அதையும் போனிலேயே சொல்லித் தந்தாள். "செட்டிங்ஸ்ல போடி. அது இல்ல, அதுக்குக் கீழ. எம்புட்டு நேரந்தான் தேடுவ? கண்ணு இருந்து என்னத்துக்கு உனக்கு?" என்று சிரித்தாள். அவளுடைய போன் வாசிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவளுக்கு அது போதவில்லை. இன்னும் வேகமாக ஓட்ட வழியிருக்கிறதா என்று என் மகளைக் கேட்கிறாள்.

தூக்கம் வராததற்கு டாக்டர் சர்க்கரை என்கிறார், போன் வெளிச்சம் என்கிறார், வயசு என்கிறார். என் இடது மணிக்கட்டை அவர் பார்த்ததே இல்லை. காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆழ்ந்து போகிற சமயத்தில் அங்கே யாரோ மெல்ல இழுக்கிறார்கள். இழுத்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அப்போது மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தோம். அப்பாவுக்குக் கல்குவாரி ஆபீசில் வேலை. சட்டையை உதறினால் வெள்ளைத் தூசி விழும். அக்கா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரு பெண் 'வீட்டில் இருக்கிறாள்' என்றால் என்ன அர்த்தமென்று நமக்குத் தெரியும், மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நான் இன்னும் ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. கோடை லீவு.

தெருவில் தினமும் ஐஸ் பாய் ஆட்டம். ஒருத்தர் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ண, மற்றவர்கள் ஒளிந்துகொள்வது. வெளிச்சம் மங்க மங்கத்தான் அதில் ருசி. அக்காவும் சின்ன வயதில் ஆடியவள்தான். ஆனால் பொழுது சாய்ந்தால் பாதி ஆட்டத்தில் வீட்டுக்குள் போய்விடுவாளாம். அதற்காகத் தெரு அவளுக்கு வைத்த பெயர் கோழி. தாவணி போட்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. சாயங்காலம் அவள் வாசலைவிட்டு உள்ளே திரும்பினால் போதும், ஏதாவது ஒரு வாண்டு கத்தும்: "கோழி அடைஞ்சிருச்சுடோய்!"

அக்காவிடம் ஒரு பைண்டுப் புத்தகம் இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டையை மேலே ஒட்டியது. நம் வீடுகளில் நாவல்கள் அப்படித்தானே உண்டாயின? கதை ஓடுகிற பக்கத்துக்கு எதிரிலேயே தலைவலித் தைலம் விற்பார்கள். கப்பலில் காணாமற்போன ஒரு சமையல்காரனைப் பற்றிய கதை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா வாசிக்கத் தொடங்குவாள். நானும் தெருப் பிள்ளைகளும் வாசற்படியில் அவளைச் சுற்றி உட்காருவோம். வெயில் எதிர்ச்சுவரில் ஏறி, ஓட்டில் ஏறி, மறைந்துபோகும். வாசிப்பு மட்டும் நிற்காது. பக்கங்கள் புரளும். சமையல்காரன் புளிப் பீப்பாய்க்குள் ஒளிந்துகொள்வான், கப்பல் கேப்டனின் மகள் மீனோடு பேசுவாள்.

ஒருநாள் வெயில் மறைந்த பிறகு அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். அவள் வாய் சொல்வது தாளில் இல்லை. தாளில் தைல பாட்டில்தான் இருந்தது.

"அக்கா, அதுல அப்படிப் போடலையே."

தொடையில் ஒரு கிள்ளு. மற்றப் பிள்ளைகள் போனதும் என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "எனக்கு இப்ப ஒண்ணுமே தெரியலடி. நீ எங்கிட்டு உக்காந்திருக்கேன்னுகூடத் தெரியல. வெளிய சொன்ன, கொன்னுபுடுவேன்."

எதிர்வீட்டுச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தது. அதன் அடியில் இருந்த பொடி எழுத்தைக்கூட அந்த நேரத்தில் என்னால் வாசிக்க முடிந்தது. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

அன்றிலிருந்து இரவில் என் இடது மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன். மறுமுனை அக்காவின் கையில். எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லைப்புறக் கோடியில், கிணற்றைத் தாண்டி இருந்தது. இரவில் அவளுக்குப் போக வேண்டியிருந்தால் ரிப்பனை இழுப்பாள், நான் எழுந்து கூட்டிப்போவேன். நான் எழாமல் அவள் தனியே போய்விட்டால் வழியில் கிணறு இருக்கிறதே என்ற பயத்தில், அவள் இழுப்பதற்கு முன்னாலேயே விழிக்கப் பழகிக்கொண்டேன். இழுப்பாளா, இழுப்பாளா என்று இருட்டைப் பார்த்துப் படுத்திருப்பேன். பழகியது பழகியதுதான்.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு சாயங்காலம் அக்கா வடித்து வைத்த சோற்றுப் பானையில் கால் வைத்துவிட்டாள். அம்மா முதலில் அடித்தாள். "எவன நெனச்சுக்கிட்டு நடக்குற?" என்று கேட்டு அடித்தாள். இரண்டு நாள் அக்காவின் பார்வை தெருவில் எங்கே போகிறது என்று உளவு பார்த்தாள். பார்வை எங்கேயும் போகவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. விளங்கியதும் அடிப்பதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் கலவரமாக இருந்தது.

மாலைக்கண் என்று அம்மாவே முடிவு கட்டினாள். காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள்: புத்தகம். பழைய பேப்பர்காரனின் தராசில் சமையல்காரனும் கப்பலும் ஏறிப் போனார்கள். அக்கா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு தராசுத் தட்டு தரையில் இடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து வீட்டில் ஆட்டு ஈரல். சுட்டது, வதக்கியது, வேகாதது. கறிக்கடைக்காரர், "வீட்ல யாருக்கும்மா ரத்தம் கம்மி?" என்று கேட்டால், "எனக்குத்தாண்ணே" என்று அம்மா கூசாமல் சொல்வாள்.

"மதுரையில கண்ணாஸ்பத்திரி இருக்குல்லம்மா. ஒரேயொரு தடவ கூட்டிட்டுப் போ" என்று அக்கா கேட்டாள்.

"போனா? சொட்டு மருந்த ஊத்தி கண்ணாடி ஒண்ண மாட்டி விடுவாக. பஸ்ஸுல நாலு பேரு பாப்பாக. அப்புறம் ஒன்ன எவன் கேப்பான்? ஈரலத் தின்னு."

அந்தத் தொடர்கதையைச் சென்ற வருடம் இணையத்தில் கண்டுபிடித்தேன். யாரோ புண்ணியவான் பழைய இதழ்களை ஏற்றி வைத்திருக்கிறார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். புளிப் பீப்பாய் இல்லை. மீனோடு பேசுகிற மகளும் இல்லை. சமையல்காரன் மூன்றாம் அத்தியாயத்திலேயே செத்துப்போயிருந்தான்.

மதுரையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று வைகாசியில் முடிவாயிற்று. "மூணு மணிக்குள்ள வந்துருங்க, அதுக்கப்புறம் நேரம் சரியில்ல" என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். எந்தப் பஞ்சாங்கத்தின் நேரம் அது என்பது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

மூன்று மணிக்கு அவர்கள் வரவில்லை. நான்குக்கும் வரவில்லை. அக்கா பட்டுப்புடவையில் சமையலறைச் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சன்னலில் கம்பிகள் இருந்தன. வெயில் ஒவ்வொரு கம்பியாக விட்டு இறங்கியது. அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து தேய்ந்தாள். பஜ்ஜி ஆறிப்போயிற்று.

"இன்னும் எத்தன கம்பி இருக்கு?" என்றாள் அக்கா.

"கடைசிக் கம்பிக்கா."

"ரேடியோவ எடுத்துட்டுப் போயி, மாப்பிள்ளையோட அம்மா எங்க உக்காருறாகளோ அவுக பக்கத்துல வச்சிரு. பைய பாடட்டும். அது கேக்குற எடத்துக்கு நான் வந்துருவேன்."

அது அப்பாவின் டிரான்சிஸ்டர், தோல் உறை போட்டது. நாங்கள் பலமுறை விளையாடிப் பார்த்த விளையாட்டுத்தான் அது. கைதட்டுகிற பக்கம் நடந்து வந்து தொட்டுவிடுவாள் அக்கா. ஒருமுறைகூடத் தவறியதில்லை.

வேன் வந்து நின்றபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. வழியில் டயர் பஞ்சராம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய சித்தப்பா. முன்கூடமான பட்டாசாலையில் அக்கம்பக்கத்து வீடுகளில் வாங்கிப் போட்ட இரும்பு நாற்காலிகள். மாப்பிள்ளையின் அம்மா சுவரோரம் உட்கார்ந்ததும், பக்கத்து முக்காலியில் ரேடியோவை வைத்தேன். பாட்டு வரவில்லை. யாரோ ஒருவர் நாற்றங்காலுக்கு உரம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பரவாயில்லை, குரல் குரல்தானே.

பட்டென்று கரண்டு போயிற்று.

நமக்கெல்லாம் பழகிய இருட்டுதான். அப்பா அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து மாடத்தில் வைத்தார். முகங்கள் தெரிந்தன, பஜ்ஜித் தட்டு தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது. அக்காவுக்கு அந்த வெளிச்சம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொண்ணு பாக்க வந்த எடத்துல இந்தாளு யூரியா மூட்டைக்குக் கணக்குச் சொல்றாரே" என்று சிரித்தபடி எழுந்தார். ரேடியோவைத் தூக்கினார். எதிர் மூலையில் யாரும் உட்காராமல் கிடந்த நாற்காலியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அணைக்கவில்லை. அணைத்திருந்தாலும் தேவலாம்.

சமையலறை நிலைப்படியில் அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டாள். நடந்தாள்.

'அங்கிட்டு இல்லக்கா' என்று கத்த என் வாய் திறந்தது. கத்தினால் எல்லாம் தெரிந்துவிடும். கத்தாவிட்டாலும் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். காபிக்காக மாப்பிள்ளையின் அம்மா நீட்டிய கையை அக்கா தாண்டிப் போனாள். மாப்பிள்ளையைத் தாண்டினாள். மூலைக்குப் போய், காலி நாற்காலியின் முன்னால் அழகாகக் குனிந்து, "எடுத்துக்கங்க அத்தை" என்றாள்.

"அடியுரமாக இடுவது நல்லது" என்றது ரேடியோ.

பிறகு சித்தப்பாதான், "ரேடியோவுக்குக் காபி குடுத்த மொதப் பொண்ணு நீதாம்மா" என்று சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவருடைய அம்மா எழுந்து வந்து அக்காவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். "நாங்க இங்கிட்டு இருக்கோம் தாயி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"புள்ள வெக்கத்துல தடுமாறிருச்சு" என்றாள் அம்மா.

"வெக்கப்படுற புள்ள குனிஞ்சுல்லம்மா நடக்கும். இது காத வச்சுல்ல நடக்குது. கண்ண யாருட்டயாச்சும் காட்டுனீகளா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

வேன் தெரு திரும்பிய பிறகு கரண்டு வந்தது. ஆறிய காபியின்மேல் ஏடு படிந்திருந்தது. அப்பா போய் ரேடியோவை அணைத்தார். அந்தப் பக்கமே பார்க்காமல், கையால் தடவி அணைத்தார்.

"அசல்ல குடுத்தாத்தானே மறைக்கணும்" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து. "சொந்தத்துல எதுக்கு மறைக்கணும்? என் தம்பி இருக்கான். உரிமைப்பட்டவன்."

அப்பாவே அம்மாவுக்குத் தாய்மாமன்தான். எங்கள் வீட்டில் வழி எப்போதும் அதுதான்.

மாமா கொட்டாம்பட்டிப் பக்கம் கடலையும் நெல்லும் போடுகிற சம்சாரி. வந்தால் வீடே சத்தமாகிவிடும். என்னையும் 'மருமகளே' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. சாயங்காலக் காபியை நின்றபடி குடித்துவிட்டு, "பொழுது சாயுறதுக்குள்ள கெளம்புறேன் யக்கா, மாடு தேடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கட்டிக் கொடுத்த வீட்டில் ராத்திரி தங்கக் கூசுகிற ரோசக்காரன் என்று அதை அம்மா தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அம்மா ஆள்விட்டுச் சொல்லியனுப்ப, மறுவாரம் வந்தார். சாப்பிட்டார், வெற்றிலை போட்டார். பேச்சு அக்காவின் பக்கம் திரும்பும்போதெல்லாம் மழையைப் பற்றிப் பேசினார். பொழுது இறங்கத் தொடங்கியதும் அம்மா என்னைக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள்: "மாமா செருப்ப எடுத்து ஒளிச்சு வையி. இன்னிக்கி எப்படிப் போறான்னு பாப்போம்." விருந்தாளியை நிறுத்த வேறு என்ன செய்வோம்? செருப்பை விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா கறி வாங்கக் கடைக்குப் போய்விட்டாள். அப்பா இன்னும் ஆபீசில்.

மாமா வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார். "மருமகளே, குடுத்துரு" என்றார். நான் ஓடினேன். துரத்தினார். சிரித்தார். வெளிச்சம் மங்கியது. "வெளாட்டு போதும்டி, குடு" என்றார். சிரிப்பு இல்லை. இன்னும் மங்கியது. "குடுத்துரு தாயி. குடுத்துரு." நான் விறகுக்குப் பின்னாலிருந்து செருப்பை எடுத்து, அவருக்கு எதிரிலேயே கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே சுவரைத் தடவித் தடவிப் பட்டாசாலைக்குள் போனார். சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கை உரசுகிற சத்தம். சர்ர், நின்று, மறுபடி சர்ர்.

உள்ளே தூணோரம் உட்கார்ந்திருந்த அக்கா தலையைத் தூக்கினாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அது அவளுடைய சத்தம்.

"மாமா," என்றாள் மெதுவாக. "நீங்களும் கோழியா?"

உரசல் நின்றது. பிறகு அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"யாருட்டயும் சொல்லிறாத புள்ள."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. மாட்டச் சொல்லியே இம்புட்டு வருசமா ஓட்டிட்டேன். அந்த மாட்ட வித்தே ரொம்ப நாளாச்சு."

அக்கா சிரித்தாள். பெண் பார்க்க வந்துபோன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். "நாம ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா, ராத்திரியில யாரு யாரப் புடிச்சுக்கிட்டு நடக்குறது மாமா?"

"உன் தங்கச்சியச் சீதனமாக் கேக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல், வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நடுவில் நான் செருப்போடு நின்றேன். சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னாள்: "விடிஞ்சதும் என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க கூட்டிட்டுப் போனா அம்மா ஒண்ணும் சொல்லாது. உங்களையும் காட்டுவோம்."

"எனக்குப் பயமா இருக்கு புள்ள."

"எனக்கும்தான். ஆனா பகல்லதானே போறோம்."

அன்று மாமா தங்கிவிட்டார். செருப்பை ஒளித்ததால்தான் தங்கினான் என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. மறுநாள் இருவரும் மதுரைக்குப் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் அரக்கப் பரக்கத் திரும்பி வந்தார்கள். வாசலிலேயே மாமா சொல்லிவிட்டார்: "எனக்கும் இருக்கு யக்கா. ஈரலு கீரலு ஒண்ணும் கேக்காதாம். மருந்தும் இல்லையாம், பைய பைய பகல்லயும் சுருங்குமாம். நம்ம வீட்டுக்குள்ளயே சுத்துற கண்ணாம் இது. சொந்தத்துலயே குடுத்து வாங்கி நாமளே கட்டிக் காப்பாத்தியிருக்கோம். எங்க ரெண்டு பேருக்குள்ள கல்யாணம்கிற பேச்சே கூடாதுன்னுருச்சு டாக்டரம்மா."

"எங்க ஆத்தா காலத்துல இருந்து பண்றது. அப்பல்லாம் யாருக்குடா கண்ணு போச்சு?"

"நம்ம தாத்தா பொழுது சாஞ்சா வீட்ட விட்டு எறங்காத மனுசன்னு பெருமையாச் சொல்லுவியே. ஏன் எறங்கலன்னு யோசிச்சியா?"

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கறிக்கடையிலிருந்து இரண்டு பங்கு ஈரல் வாங்கி வந்தாள். இப்போது நினைத்தால்கூட அவள்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான், அவளுக்குத் தெரிந்த கல்யாணமும் அதுதான்.

கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு விடுதியைப் பற்றி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். விரலால் வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்களாம். "அங்க சேத்தா குருடின்னு ஊரே முடிவு கட்டிரும்" என்றாள் அம்மா.

"ஊரு முடிவு கட்டட்டும்மா. நான் அந்தக் கப்பல் கதைய முடிக்கணும்ல" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் அவள் கிளம்பினாள். கூட்டிப் போக மாமா முந்தின நாளே வந்து, யாரும் செருப்பை ஒளிக்காமலே எங்கள் வீட்டில் தங்கினார். காலையில் மேலூர் பஸ் ஸ்டாண்ட். பூக்காரிகள், டீசல் புகை, 'மதுரை மதுரை மதுரை' என்று விடாமல் கத்துகிற கண்டக்டர். அம்மா ஒரு தூக்குச்சட்டியை அக்காவின் மடியில் திணித்தாள். உள்ளே என்ன என்று நான் சொல்ல வேண்டுமா? சன்னலோரம் உட்கார்ந்த அக்கா கையை வெளியே நீட்டினாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். முந்தின இரவு கட்டிய ரிப்பன் இன்னும் அதிலேயே இருந்தது. முடிச்சை அவிழ்க்க அவளுக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. அவிழ்த்து, விரலில் சுருட்டி, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அத எனக்குக் குடுக்கா" என்று அழுதேன்.

விசில் ஊதியது. பஸ் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. நான் கூடவே ஓடினேன். அக்கா என் பக்கம் குனிந்து, வெயிலில் என்னை நன்றாகப் பார்த்துச் சொன்னாள்:

"இனிமே ஒன்ன யாரும் இழுக்க மாட்டாகடி. நல்லாத் தூங்கு."